பட்டாணிச் செடி தந்த பாடம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல் மாணவி)

முன்னுரை

திரைப்படம் பார்க்காத தமிழர் உண்டோ! நடிகர்களின் பிறந்த நாளையும் அவர்கள் நடித்த படங்களின் எண்ணிக்கையையும் பிழையின்றிச் சொல்லும் நம்மில் எத்தனை பேர், இந்த நாட்டில் முழுநீளக் கதைப்படத்தை முதன்முதலாக எடுத்த மனிதரின் வாழ்க்கையை அறிவோம்? எனக்கும் சென்ற ஆண்டுவரை அது தெரியாது. இந்தியத் திரைப்படத்தின் தந்தை தாதாசாகேப் பால்கே என்ற ஒரு வரியைப் பொது அறிவுப் புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்திருந்தேன். அவ்வளவுதான்.

என்னை அவரிடம் கொண்டு சேர்த்தது ஒரு தட்டைப்பயற்றுச் செடி. சென்ற ஆண்டு எங்கள் துறைக் கண்காட்சியில் விதை முளைப்பதை விளக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. வரைபடமாகத் தொங்கவிடுவதைவிட அதை ஓடும் படமாகக் காட்டலாமே என்ற ஆசை பிறந்தது. ஒரு தண்ணீர்ப் பாட்டிலை வெட்டி, மண் நிரப்பி, நான்கு பயறுகளை ஊன்றினேன். கைப்பேசியை இரண்டு செங்கல்லுக்கு நடுவே நிறுத்தி, தோன்றும்போதெல்லாம் ஒரு படம் எடுத்தேன். பத்து நாள் கழித்துப் படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தபோது அழுகையே வந்துவிட்டது. செடி வளரவில்லை, குதித்தது! அழைப்பு வரும்போதெல்லாம் கைப்பேசியை எடுத்துப் பேசிவிட்டுத் திரும்ப வைத்திருந்தேன். ஒவ்வொரு முறையும் அது ஒரு விரற்கடை தள்ளி உட்கார்ந்திருந்தது. ஒரு படம் வெயிலில், மறு படம் நிழலில். போதாக்குறைக்கு ஒன்பதாம் நாள் ஆடு வந்து நுனியைக் கடித்துவிட்டது.

அந்தப் படத்தைத் தயங்கித் தயங்கி எங்கள் பேராசிரியரிடம் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன் இதே வேலையைச் செய்த ஒருவர் இருந்தார், அவர் வரலாற்றைத் தேடிப் படி என்றார். தேடினேன், படித்தேன். படித்ததை நண்பர்களாகிய உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

இளமையும் கல்வியும்

மராட்டிய நாட்டில் நாசிக் நகருக்கு அருகே திரியம்பகம் என்னும் திருத்தலம் உள்ளது. அங்கே 1870-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் பிறந்தவர் துண்டிராஜ் கோவிந்த் பால்கே. தாதாசாகேப் என்பது பிற்காலத்தில் மக்கள் அன்போடு அழைத்த பெயர். தந்தை வடமொழிப் புலவர். பம்பாயில் ஒரு கல்லூரியில் வடமொழி கற்பிக்கும் பணி கிடைத்ததால் குடும்பம் அந்நகரில் குடியேறியது.

புலவர் வீட்டுப் பிள்ளைக்கு ஏட்டைவிடத் தூரிகையில்தான் நாட்டம். 1885-இல் பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர்ப் பரோடா சென்று கலாபவனத்தில் ஓவியமும் சிற்பமும் பயின்றார். அங்கேதான் ஒளிப்படக் கலையும் அச்சுக்கலையும் அவர் கைக்கு வந்தன. ஒன்றைக் கற்று அதிலேயே நின்றுவிடுவது அவர் இயல்பன்று. எதைக் கண்டாலும் அது எப்படி இயங்குகிறது என்று பிரித்துப் பார்க்கத் துடிப்பவர் அவர்.

தடுமாறிய ஆண்டுகள்

கற்றவர்க்கெல்லாம் உடனே வாழ்வு மலர்ந்துவிடுகிறதா? கோத்ரா என்னும் ஊரில் ஒளிப்பட நிலையம் ஒன்று வைத்தார். கருவியின் முன் நின்றால் ஆயுள் குறையும் என்று அஞ்சிய காலம் அது; தொழில் ஓடவில்லை. பிளேக் என்னும் கொள்ளை நோய் வந்து அவருடைய முதல் மனைவியையும் குழந்தையையும் கொண்டு போயிற்று. ஊரைவிட்டே வெளியேறினார். நாடகங்களுக்குத் திரைச்சீலை வரைந்தார். மாயவித்தை கற்றார். பால்கே என்ற பெயரைத் திருப்பிப் போட்டுக் கெல்பா என்ற பெயரில் மேடையேறி வித்தை காட்டினார்! 1902-இல் மறுமணம் புரிந்தார். அந்த அம்மையாரின் பெயர் சரஸ்வதிபாய். இப்பெயரை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1903-இல் தொல்பொருள் ஆய்வுத் துறையில் ஒளிப்படக்காரராகவும் வரைவாளராகவும் அரசு வேலை கிடைத்தது. மாதச் சம்பளம், நிலையான வாழ்வு. ஆனால் வங்கப் பிரிவினையை ஒட்டிச் சுதேசிக் கனல் நாடெங்கும் பரவியது. பால்கே அவ்வேலையை உதறினார். ரவிவர்மாவின் ஓவியங்களை அச்சிட்ட அச்சகத்துக்கு வேலை செய்து கொடுத்தார். சொந்தமாக அச்சகம் தொடங்கினார். வண்ண அச்சு இயந்திரங்களுக்காக 1909-இல் செருமனி சென்று வந்தார். பெயரும் பொருளும் சேர்ந்த வேளையில் கூட்டாளிகளோடு கருத்து வேறுபாடு முளைத்தது. வெறுங்கையோடு வெளியே வந்தார்.

அரசு வேலையை விட்டார் என்று படித்தபோது எனக்குச் சற்றுக் கோபம்கூட வந்தது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். என் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எனக்கு ஓர் அரசு வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காகவே என் பெற்றோர் கூலி வேலை செய்து படிக்க வைக்கிறார்கள். கிடைத்ததை ஒருவர் வீசி எறிந்தார் என்றால் மனம் எளிதில் ஏற்குமா? மேலே படிக்கப் படிக்கத்தான் அம்மனிதரின் போக்கு விளங்கியது.

கொட்டகையில் பிறந்த கனவு

வேலையின்றி, மனச்சோர்வோடு இருந்த அந்த நாட்களில், நாற்பது வயதில், பம்பாயில் ஒரு கொட்டகையில் இயேசுநாதரின் வாழ்க்கையைச் சித்திரிக்கும் ஓடும் படத்தைப் பால்கே பார்த்தார். திரையில் இயேசு நடமாடினார். பால்கேயின் மனத்திலோ இராமனும் கண்ணனும் நடமாடினர். நம் நாட்டுக் கதைகளை நம் நாட்டவரே இவ்வாறு திரையில் காட்டும் நாள் வாராதோ என்ற ஏக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. வீட்டுக்குச் சென்று மனைவியை அழைத்து வந்து மீண்டும் அதே படத்தைக் காட்டினார். அன்று தொடங்கியது அவருடைய தவம்.

கிடைத்த படங்களையெல்லாம் பார்த்தார். கிடைத்த நூல்களையெல்லாம் படித்தார். ஓய்வின்றி உழைத்ததில் கண்கள் புண்பட்டுப் பார்வையே மங்கிவிட்டது! மருத்துவரின் முயற்சியாலும் மூக்குக் கண்ணாடிகளின் துணையாலும் பார்வை மீண்டது. பார்வை திரும்பியதும் மீண்டும் கொட்டகைக்கே சென்றார். தம் ஆயுள் காப்பீட்டுப் பத்திரங்களை அடகு வைத்துப் பணம் புரட்டி, 1912 பிப்ரவரியில் இலண்டனுக்குக் கப்பல் ஏறினார்.

அந்நகரில் அவரை அறிந்தார் எவருமில்லை. பயாஸ்கோப் என்னும் திரைப்பட வார இதழின் அலுவலகத்துக்குள் தாமே நுழைந்து அதன் ஆசிரியரிடம் அறிமுகம் செய்துகொண்டார். அவர் வழியாகச் செசில் ஹெப்வொர்த் என்ற படத் தயாரிப்பாளரின் கூடத்தைப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது. வில்லியம்சன் படக்கருவி ஒன்றை விலைக்கு வாங்கினார். படச்சுருளுக்கும் அதன் ஓரங்களில் துளையிடும் கருவிக்கும் ஏற்பாடு செய்துவிட்டு, ஏப்ரலில் தாயகம் திரும்பினார்.

பட்டாணி முளைத்த கதை

கருவி வந்தது, பணம் எங்கே? இந்தியாவில் திரைப்படம் எடுக்கப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் எவர் கடன் கொடுப்பார்? சொல்லி நம்ப வைக்க முடியாததைக் காட்டி நம்ப வைக்க முடிவு செய்தார் பால்கே. நடிகர் வைக்கப் பணமில்லை. கூலி கேட்காத, ஒப்பனை வேண்டாத ஒரு நடிகரைத் தேர்ந்தெடுத்தார். அந்த நடிகர்தாம் பட்டாணி!

ஒரு தொட்டியில் பட்டாணியை ஊன்றினார். அதன் எதிரே படக்கருவியை அசையாமல் நிறுத்தினார். கைப்பிடியைத் தொடர்ந்து சுற்றாமல், இடைவெளி விட்டு ஒவ்வொரு படமாக எடுத்துக்கொண்டே வந்தார். ஒரு மாதத்துக்கு மேல் இந்த வேலை நடந்தது. முடிவில் ஒரு நிமிடம் ஓடும் படம் உருவாயிற்று. விதை முளைத்து, தண்டு நீண்டு, கொடியாகப் படர்வதைக் கண்டவர்கள் மூக்கின்மேல் விரல் வைத்தனர். ஒளிப்படக் கருவி வணிகரான நாட்கர்ணி என்னும் நண்பர் அதைப் பார்த்துக் கடன் கொடுக்க முன்வந்தார்.

இங்கே அறிவியல் மாணவி என்ற முறையில் ஒரு கணக்கைச் சொல்ல விரும்புகிறேன். பால்கே நாளொன்றுக்கு ஒரு படம் எடுத்தார் என்று பலரும் எழுதுகின்றனர். பேசாப்படக் காலத்தில் நொடிக்கு ஏறத்தாழ 16 படங்கள் ஓடின. நாளுக்கு ஒன்று என்றால் 30 நாளில் 30 படம். அது இரண்டு நொடியில் ஓடி முடிந்துவிடும். ஒரு நிமிடம் ஓட வேண்டுமானால் 960 படங்கள் தேவை. அதாவது, நாளொன்றுக்கு 32 படங்கள்! ஆகவே, நாள்தோறும் பலமுறை அவரோ வேறொருவரோ அந்தத் தொட்டியின் அருகே போய் நின்றிருக்க வேண்டும். நாளுக்கு ஒன்று என்பது கேட்க அழகு. கணக்கு சொல்வதோ உழைப்பு.

இந்த வித்தையின் இலக்கணத்தை அவரிடமிருந்தே கற்றுக்கொண்டேன். படக்கருவி அசையக்கூடாது. ஒளி மாறக்கூடாது. இடைவெளி தவறக்கூடாது. இம்மூன்றில் ஒன்று பிழைத்தாலும் செடி வளராமல் துள்ளும்.

1915-இல் பால்கே இதற்கு அடுத்த படியில் கால் வைத்தார். செடி தானே வளரும். நாம் காத்திருந்தால் போதும். உயிரற்ற பொருளை என்ன செய்வது? தீக்குச்சிகளை எடுத்துக்கொண்டார். சிறிது நகர்த்தி ஒரு படம், மீண்டும் சிறிது நகர்த்தி ஒரு படம் என்று எடுத்து, திரையில் தீக்குச்சிகளை ஆட வைத்தார்! 'அகட்யாஞ்சி மௌஜ்' என்பது அதன் பெயர். தீக்குச்சிகளின் வேடிக்கை என்று பொருள் கொள்ளலாம். இந்திய அசைவூட்டப் படங்களுக்கு முன்னோடி அதுவே.

என் இரண்டாம் முயற்சி

இவற்றைப் படித்தபின் மறுபடியும் பயறு ஊன்றினேன். இம்முறை ஆடு எட்டாத இடமாக, வீட்டுக்குள் சன்னலுக்கு அருகே வைத்தேன். செங்கற்களைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்தேன். கைப்பேசியை ரப்பர் வளையத்தால் கட்டிச் சார்ஜரில் போட்டுவிட்டேன். இனி யார் அழைத்தாலும் எடுப்பதில்லை என்பது விதி. திரையைத் தொட்டால் கருவி அசையும் என்பதால், இயர்போன் ஒயரில் உள்ள பொத்தானை அழுத்திப் படம் எடுக்கும் வழியைத் தோழி ஒருத்தி சொல்லிக் கொடுத்தாள். காலை 6 மணி முதல் மாலை 5.30 வரை அரை மணிக்கு ஒன்று. நாளுக்கு 24 படம். 12 நாளில் 288 படம். நொடிக்கு 12 என்று ஓட்டினால் 24 நொடிப் படம்.

திட்டம் சரிதான். ஆனால் நான் கல்லூரிக்குப் போய்விட்டால் படம் எடுப்பது யார்? அம்மா எடுப்பதாகச் சொன்னார். சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் பன்னிரண்டிலும் ஆறிலும் வரும்போது பொத்தானை ஒருமுறை அழுத்தினால் போதும் என்று காட்டிக் கொடுத்தேன். களையெடுப்பு வேலை இந்த வாரம் இல்லை, வீட்டில்தான் இருப்பேன் என்றார். நானும் நம்பினேன்.

படம் நன்றாகவே வந்தது. மூன்றாம் நாள் தண்டு வளைந்த கழுத்தோடு மண்ணைப் பிளந்து, இரண்டு விதையிலைகளையும் தூக்கிக்கொண்டு எழுந்தது. பட்டாணியில் விதையிலைகள் மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். தட்டைப்பயற்றில் அவை மேலே வரும். பாடத்தில் படித்த அந்த வேறுபாட்டைக் கண்ணால் கண்டேன். இரவில் படம் எடுக்காததால் ஒவ்வொரு விடியலிலும் செடி ஒரு துள்ளு துள்ளியது. அந்தக் குறையைச் சரி செய்ய எனக்கு வழி தெரியவில்லை.

படத்தின் தலைப்பைப் பால்கேயின் தீக்குச்சிகளைப் போல அமைக்க எண்ணினேன். தரையில் சுண்ணக்கட்டியால் முளை என்று எழுதி, பயறு மணிகள் ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்து எழுத்தின்மேல் அமர்வதுபோல் நகர்த்திப் படம் எடுத்தோம். நகர்த்தியவர் அம்மா. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கோட்டின்மேல் மணிகளைப் பிசகாமல் வைத்தார். கண்காட்சியன்று படம் ஓடியபோதுதான், ஒரு படத்தில் அம்மாவின் விரல்கள் விழுந்திருப்பதைக் கவனித்தேன். காய்த்துப்போன இரண்டு விரல்கள், நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு நேரம் தோன்றி மறைந்தன. சிலர் சிரித்தனர். எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றிரவே அந்தப் படத்தை நீக்கிவிட நினைத்தேன்.

மறுநாள் பக்கத்து வீட்டு அத்தை பேச்சோடு பேச்சாக ஒன்றைச் சொன்னார். அந்த வாரம் களையெடுப்பு வேலை இருந்ததாம். ஏழு நாளும் எல்லாரும் போனார்களாம். அம்மா மட்டும் போகவில்லையாம். ஏழு நாள் கூலி! இருபத்து நான்கு நொடிப் படத்துக்காக.

சரஸ்வதிபாய்

இதற்குப் பின்தான் பால்கேயின் வரலாற்றில் சரஸ்வதிபாய் வரும் பக்கங்களை மறுபடியும் படித்தேன். முதலில் படித்தபோது அவற்றை வேகமாகப் புரட்டிவிட்டிருந்தேன்.

'ராஜா ஹரிச்சந்திரா' தாதரில் அவர்கள் வீட்டை ஒட்டியே உருவாயிற்று. பெரும்பாலும் ஆடவரே நிறைந்த அந்தக் குழுவுக்கு நாள்தோறும் சமைத்துப் போட்டவர் சரஸ்வதிபாய். வெயிலில் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்று நடிகர் முகத்தில் ஒளி விழச் செய்தவர் அவரே. துளையிடப்படாமல் வந்த படச்சுருளின் ஓரத்தில் இரவெல்லாம் இருட்டறையில் துளையிட்டவரும், எடுத்த படத்தை மருந்து நீரில் கழுவியவரும் அவரே. பணம் தீர்ந்தபோது அவருடைய நகைகள் அடகுக் கடைக்குச் சென்றன. இவற்றுக்கு நடுவே பிள்ளைகளையும் வளர்த்தார்.

நடிக்கப் பெண்கள் எவரும் முன்வராததால், உணவுக் கடையில் சமையல் வேலை பார்த்த சாளுங்கே என்ற இளைஞர் தாராமதி வேடம் பூண்டார். தாப்கே அரிச்சந்திரனாக நடித்தார். பால்கேயின் மகன் பாலச்சந்திரன் லோகிதாசன் ஆனான். நான்கு சுருள்களில் ஏறத்தாழ 3,700 அடி நீளம் கொண்ட அப்படம், 1913 மே 3-ஆம் நாள் பம்பாய் கிர்காமில் உள்ள கொரோனேஷன் கொட்டகையில் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது. மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். இந்தியத் திரைப்படம் பிறந்தது.

ஏற்றமும் இறக்கமும்

பின்வந்த ஆண்டுகள் வெற்றி ஆண்டுகள். 'மோகினி பஸ்மாசுர்' படத்தில் துர்காபாய் காமத்தும் அவர் மகள் கமலாபாயும் நடித்தனர். இந்தியத் திரையில் பெண்கள் தோன்ற வழி பிறந்தது. 1914-இல் தம் படங்களை இலண்டனுக்கு எடுத்துச் சென்று காட்டிப் பாராட்டுப் பெற்றார். 1917-இல் வந்த 'லங்கா தகன்' படத்தில் சாளுங்கேயே இராமனாகவும் சீதையாகவும் நடித்தார். சென்னையில் அப்படத்துக்கு வசூலான நாணயங்களை மாட்டு வண்டியில் ஏற்றிக் காவலோடு கொண்டு சென்றார்கள் என்று சொல்வதுண்டு. 1919-இல் வெளியான 'காளிய மர்தன்' படத்தில் அவர் மகள் மந்தாகினி பாலகிருஷ்ணனாக நடித்தாள்.

செல்வர் சிலரோடு கூட்டாக இந்துஸ்தான் திரைப்பட நிறுவனம் தொடங்கினார். மீண்டும் கருத்து வேறுபாடு; மனம் கசந்து காசிக்குச் சென்றார்; பிறகு திரும்பி வந்தார். அதற்குள் காலம் மாறிவிட்டது. 1931-இல் படங்கள் பேசத் தொடங்கின. பால்கே தனியே கற்ற வித்தை பழைய வித்தை ஆயிற்று. 1937-இல் வெளியான 'கங்காவதரண்' அவருடைய கடைசிப் படம். ஏறத்தாழ 95 படங்களும் 27 குறும்படங்களும் எடுத்தவர் என்று கணக்கிடப்படும் அவர், செல்வமும் ஆரவாரமும் இன்றி, 1944 பிப்ரவரி 16-ஆம் நாள் நாசிக்கில் காலமானார். 1969-ஆம் ஆண்டுக்கான முதல் தாதாசாகேப் பால்கே விருது நடிகை தேவிகா ராணிக்கு வழங்கப்பட்டது. நம் சிவாஜி கணேசனும் கே. பாலசந்தரும் அவ்விருதைப் பெற்றவர்கள் என்பது நாம் அறிந்ததே.

முடிவுரை

நண்பர்களே! பால்கே பெரியவர், ஐயமில்லை. நாற்பது வயதில் ஒன்றுமறியாத தொடக்க மாணவராகி, ஒரு பட்டாணிச் செடியிடம் பொறுமை பயின்றவர். துணிந்து தொடங்கு, தொடங்கியதை இடைவெளி தவறாமல் செய் என்பது அவர் வாழ்வு நமக்குத் தரும் பாடம். எனினும் அந்தப் பட்டாணித் தொட்டியின் எதிரே நாளுக்கு முப்பத்திரண்டு முறை நின்றவர் யார் என்று எண்ணும்போதெல்லாம், பால்கே மட்டும்தானா என்று என் மனம் கேட்கிறது. விருது அவர் பெயரால் வழங்கப்படுகிறது. வெள்ளைத் துணியைப் பிடித்து நின்ற கை எந்தப் படத்திலும் விழவில்லை.

நம் கல்லூரியில் என்னைப் போல் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வந்தவர்கள் பலர். நம் ஒவ்வொருவருக்காகவும் எங்கோ ஒருவர் கூலியை விட்டுவிட்டோ, தோட்டை அடகு வைத்தோ துணி பிடித்து நிற்கிறார். அரசு வேலையை உதறிய பால்கேயின் மேல் எனக்கு இப்போது கோபமில்லை. ஆனால் அவரைப் போல் எல்லாவற்றையும் பணயம் வைக்கும் உரிமை எனக்கு உண்டா என்று கேட்டால், தயக்கமின்றி விடை சொல்ல என்னால் இயலவில்லை. அந்த ஏழு நாள் கூலியைப் பற்றி அம்மாவிடம் இன்னும் நான் கேட்கவில்லை. கேட்டால் அப்படியொன்றும் இல்லை என்றுதான் சொல்வார்.

எங்கள் துறைக் கணிப்பொறியில் அந்தப் படம் இருக்கிறது. விரும்புவோர் வந்து பார்க்கலாம். அந்த விரல்களை நான் நீக்கவில்லை.